சின்னக் கறுப்பன்

பெரியபாளையத்திலே ஆரணியாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் பவானியம்மையின் திருக்கோயிலுக்கு ஆடித் திங்களில் வரும் கூட்டம் அளவிறந்தது. நேர்ந்துகொண்டோர் வேப்பிலையையே ஆடையாக உடுத்து வலம் வருதலும், பொங்கலிடுதலும், இரவில் அங்கேயே தங்குதலும் அத்தலத்து வழக்கம். முன்னாளில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தனர். இந்நாளில் பேருந்திலும் வேனிலும் வருகின்றனர். வீட்டில் விட்டுவர ஆளின்றி நாயையும் உடன் கொணர்வாரும் உளர்.

பம்பை முழங்க, வெடி வெடிக்க, அக்கூட்டத்தினிடையே கயிறு நழுவிய நாயொன்றையும் அதனைத் தேடும் குடும்பத்தையும் எண்ணிப் பார்க்க. தந்தை கடைதோறும் வினவுகின்றார். தாய் பொங்கிய பானையை இறக்கவும் மறந்து ஆற்றுமணலை நோக்கி நிற்கின்றாள். சிறுவன் பேர் சொல்லிக் கூவிக் கூவிக் குரல் கம்முகின்றான். பாட்டியோ, வந்த நேர்த்திக்கடன் முடியுமுன்னரே அம்மைக்கு மற்றுமொன்று நேர்ந்துகொள்கின்றாள். அயல் நிற்போர், “ஒரு நாய்க்காகவா இத்துணை?” என்று நகைக்கின்றனர்.

மக்கட்செவி நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை அறியாது. நாயின் செவியோ 40,000-க்கு மேற்பட்டதனையும் அறியும். நமக்கு எட்டாத மெல்லொலியும் அதற்கு எட்டும். அத்தகைய செவியில் வெடியோசை புகுந்தால் அவ்வுயிர் படும் பாடு சொல்லுந்தரமன்று. அஞ்சிய நாய் புதரினுள் ஒடுங்கும். உடையவர் அருகே நின்று அழைப்பினும் சிலவேளை வெளிவாராது. ஆதலின் பலர் கூடிக் கூவித் தொடர்தல் அதனை இன்னும் தொலைவிற்கே துரத்தும். நழுவிய இடத்தில் வீட்டார் உடுத்த பழந்துணியொன்றை இட்டு, நீரும் சோறும் வைத்து, ஊர் அடங்கிய பின்னரும் விடியற்போதிலும் ஒருவர் அரவமின்றி அமர்ந்திருத்தல் நன்று. மூக்கினால் உலகை அறியும் உயிர் அத்துணியின் மணத்தை நாடி மீளுதல் கூடும்.

நகைப்பார் நகைக்கட்டும். சைவர் நகைத்தற்கு இடமில்லை. மணிவாசகப் பெருமான் தம்மை ‘நாயேன்’ என்று எத்தனை இடத்தில் கூறிக்கொண்டார் என்பதனைத் திருவாசகம் ஓதுவார் அறிவர். அச்சொல் வருமிடத்துக் கண்ணீர் மல்க ஓதிவிட்டு, கோயில் வாயிலில் படுத்திருக்கும் நாயைக் கோல்கொண்டு எறிவாரும் நம்மிடை உளர் என்பது வெட்கத்தோடு ஒப்பத்தக்கதே.

வழிதவறிய நாயைத் தேடுவார்க்குத் துயர் ஒன்றே. தம்மவர் கைக்கோலினால் அகன்ற நாயை இழந்தார்க்கோ துயர் இரண்டு. இவ்விரண்டாவது வகை திருவண்ணாமலையில் நிகழ்ந்தது. இரமண மகரிஷிகள் 1899 முதல் 1916 வரை அம்மலையின் விரூபாட்ச குகையில் வாழ்ந்தனர். அக்காலத்தில் உடலெங்கும் கரிய நாயொன்று தொலைவிலே தோன்றி மறையும், புதர்மேல் தலை மட்டும் தெரியும், எவரையும் அணுகாது. அதன் தனிமையை மதித்து, குகையிலிருந்தோர் அது இருக்குமிடத்தருகே உணவை வைத்துவிட்டு மீள்வர். ஒருநாள் மலையேறிச் செல்கையில் அது பாய்ந்து வந்து, உடன் சென்றார் பலரிருக்க, மகரிஷிகளிடமே வாலைக் குழைத்துத் துள்ளியது. அன்றுமுதல் சின்னக் கறுப்பன் என்னும் பேரோடு அக்கூட்டத்துள் ஒருவனாயிற்று. முன்னிருந்த ஒதுக்கம் முற்றும் நீங்கி, வருவார் யாவர் மடியிலும் ஏறி அமரும். போ என்றால் போய்விடும்.

ஒருகால் தொண்டராகிய பழனிசுவாமி அதனைக் கடிந்து பேசினார். குளிர்மழை பெய்த இரவு அது. கறுப்பன் குகையை விட்டு அகன்று, சற்றுத் தொலைவிலே கரிமூட்டையொன்றன்மேல் இரவெல்லாம் கிடந்தது. காலையிலேதான் அதனை மீட்டுக் கொணர்ந்தனர். அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னர், கடியப்பட்ட வேறொரு சிறு நாய் நேரே கீழுள்ள தீர்த்தக் குளத்திற்கு ஓடிற்று. சிறிது நேரத்தில் அதன் உடல் அந்நீரில் மிதந்தது. இவ்வுடல்களில் எவ்வுயிர் எவ்வினையின் எச்சத்தைக் கழித்தற்கு நம்மை நாடி வந்துளதோ அறியோம், ஆதலின் கடுமை காட்டற்க என்று மகரிஷிகள் அப்போதே உடனிருந்தார்க்கு உணர்த்தினர். உயிர்கள் தத்தம் வினைக்கீடாக உடலெடுக்கும் என்பது நம் சாத்திரங்களிற் பயின்றார்க்குப் புதிதன்று. பயின்றது கை கோலை எடுக்கும்போது நினைவிற்கு வருதலே அரிது.

பின்னொருநாள், குகையருகே வில்வமரத்தடியில் ஆசாரமிக்க அந்தணர் ஒருவர் மந்திரம் செபித்திருந்தார். நாய் தீண்டலாகாது என்பது அவர் கொள்கை. கறுப்பன் அவரையும் பிறரையும் வேறாகக் கண்டிலது, அருகே சென்றது. செபத்திற்கு இடையூறு நேராமைப் பொருட்டு அங்கிருந்த ஒருவர் கோலெடுத்து அடித்தார். அடி வலியதன்று, அவர் கருத்தும் தீயதன்று. அந்தணரைப் பழித்தலும் முறையன்று. ஒருவர் செபம் கெடாதிருத்தல் வேண்டும் என்ற நல்லெண்ணமே கோலாகி எழுந்தது. அடித்தவர் நிலையில் நின்றிருந்தால் தாம் என் செய்திருப்போம் என்று இதனைப் படிப்பவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். கறுப்பன் கதறி ஓடிற்று. பின்னர் மீண்டும் வந்திலது. எங்கும் எவர் கண்ணிலும் பட்டிலது.

மழையிரவில் அகன்ற நாயை விடியலில் மீட்கக் கூடிற்று. பட்டப்பகலில் அகன்றதனை மீட்கக் கூடிற்றிலது. கூட்டத்தில் நழுவிய நாய்க்கு உடுத்த துணியை இடலாம். அந்த மணத்திற்கே அஞ்சிச் சென்ற நாய்க்கு எதனை இடுவது?

இன்று திருவண்ணாமலை இரமணாசிரமம் செல்வார், 1948-இல் மறைந்த இலட்சுமி என்னும் பசுவின் சமாதியையும், அருகே மான், காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றின் சமாதிகளையும் காணலாம். பூவிட்டு வணங்குவாரும் உளர். அவ்வரிசையில் சின்னக் கறுப்பனுக்குக் கல் இல்லை.