விளம்பரப் பத்தியில் ஒளிந்திருக்கும் மெட்ராஸ்

சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. தபால்தலை சேகரிப்பவர்களுக்கு நன்கு பழக்கமான இடம். புதிய வெளியீடு வந்திருக்கிறதா என்று கேட்பார்கள், வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கட்டடத்துக்குள் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்து, இருட்டில் உட்கார்ந்து, வெள்ளைத் திரையில் மனிதர்கள் அசைவதை ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். எலெக்ட்ரிக் தியேட்டர் என்பது அதன் பெயர். 1913-ல் தொடங்கியது. 1915-லேயே ஆட்டம் முடிந்து, அஞ்சல் துறையின் கைக்குப் போய்விட்டது.

இந்தத் தியேட்டரைப் பற்றி ஒரு கதை வெகுகாலம் உலவியது. 1900-ஆம் ஆண்டு மேஜர் வார்விக் என்ற ராணுவ அதிகாரி இதைக் கட்டினார் என்பது அந்தக் கதை. புத்தகங்களிலும் அது ஏறிவிட்டது. பிறகு ஸ்டீபன் ஹியூஸ் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் காலத்து நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. கட்டியவர் பெயர் வார்விக் மேஜர். ‘மேஜர்’ என்பது பதவியே இல்லை, பெயரின் பின்பாதி! பெயரைத் திருப்பிப் போட்டதில் ஒரு வியாபாரி ராணுவ அதிகாரியாகிவிட்டார். தியேட்டருக்கும் பதின்மூன்று வயது கூடிவிட்டது.

சரித்திரப் புத்தகம் சறுக்கிய இடத்தில், மறுநாளே பழசாகிப்போகிற செய்தித்தாள் கைகொடுத்திருக்கிறது. சென்னை மறந்துபோன கடைகளையும் கொட்டகைகளையும் தேடிப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

முதல் பக்கம் கடைக்காரருக்கு

சென்னையின் முதல் செய்தித்தாள் 1785-ல் வெளிவந்த ‘மெட்ராஸ் கூரியர்’. அதன் பிறகு எத்தனையோ பத்திரிகைகள் பிறந்தன. 1868-ல் தொடங்கிய ‘மெட்ராஸ் மெயில்’ 1981 வரை ஓடியது. 1878-ல் ‘தி இந்து’ வந்தது. 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’, 1899-ல் தினசரியானது.

அந்தப் பத்திரிகைகளின் பழைய இதழ்களை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். முதல் பக்கத்தில் தலைப்புச் செய்தியைத் தேடினால் கிடைக்காது. விளம்பரம்தான் இருக்கும். ‘தி இந்து’வே 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரங்களுக்குத்தான் கொடுத்து வந்தது. செய்தி வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும்.

கவர்னர் எங்கே போனார், சட்டசபையில் யார் பேசினார் என்பதெல்லாம் வேறு ஆவணங்களிலும் கிடைக்கும். எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, கொட்டகையில் எத்தனை மணிக்கு ஆட்டம், தரை டிக்கெட்டுக்கும் நாற்காலிக்கும் என்ன வித்தியாசம் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் உட்கார்ந்து எழுதவில்லை. கடைக்காரர் தன் கைக்காசைச் செலவழித்து அச்சடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு முகவரி, மூன்று வாழ்க்கை

பழைய தாள்களோடு ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு சுலபமான உபாயம் உண்டு. கடையின் பெயரை விட்டுவிட்டு, முகவரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். இடம் எங்கும் போகாது.

அண்ணா சாலையில் வி.ஜி.பி. நிறுவனத்தின் விக்டரி ஹவுஸ் பலருக்கும் தெரியும். தவணை முறையில் வீட்டுக்கு ஃபேன், ரேடியோ, டி.வி. வாங்கிய குடும்பங்களுக்கு வி.ஜி.பி. என்ற பெயரே ஒரு நினைவு. அதற்கு முன்பு அது ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையின் அலுவலகம். இன்னும் பின்னால் போனால் ஒயிட்அவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயப் பெருங்கடை வருகிறது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு கிழக்கு நாடுகளின் நகரங்களிலெல்லாம் கிளை பரப்பிய கடை அது. துணி, தொப்பி, பாத்திரம், வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஆனால் கடன் சொல்ல முடியாது. ரொக்கம் வைத்தால்தான் சாமான்.

ரொக்கத்துக்கு மட்டும் விற்ற கடை இருந்த அதே இடத்தில், பிற்காலத்தில் தவணைக்கு விற்ற கடை வந்தது. நடுவில் ஒரு தேசியப் பத்திரிகை. நகரத்தின் வாங்கும் பழக்கம் எப்படி மாறியது என்பதை இந்த ஒரு வாசற்படி சொல்லிவிடுகிறது.

கடற்கரைக்கு எதிரே காமராஜர் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. ஆன்மிகத்தோடு அடையாளம் காணப்படும் அந்தக் கட்டடம் 1842-ல் எழுந்தது ஐஸ் விற்பதற்காக! அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அந்தப் பக்கத்து ஏரி, குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்யவைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் உருகிப்போனது. கட்டடம் கைமாறியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். வியாபாரம் போனாலும் சுற்றுவட்டாரத்துக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கேக் விற்றவர் பறந்த கதை

மவுண்ட் ரோடு ஓட்டல்களின் வரிசையில் டி ஏஞ்சலிஸ் என்ற பெயர் வரும். கேக், இனிப்பு, விருந்துச் சாப்பாடு என்று தொடங்கிப் பெரிய ஓட்டல் முதலாளியானவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அவருடைய ஆசை சமையலறையோடு நிற்கவில்லை. வண்டி கட்டும் தொழிலில் பெயர்பெற்ற சிம்சன் கம்பெனியாரின் துணையோடு ஒரு விமானத்தைச் செய்தார். 1910 மார்ச்சில் அதில் பறந்தும் காட்டினார். தீவுத்திடலில் கட்டணம் வசூலித்து மக்கள் பார்க்க ஏற்பாடு செய்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

விமானத்தின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனை பேருக்கு இந்த மவுண்ட் ரோடு ஓட்டல்காரரைத் தெரியும்? ஓட்டல் பிறகு பொசோட்டோ என்பவரின் பெயருக்கு மாறி, கடைசியில் அதுவும் மறைந்தது.

கொட்டகைகள் இருந்த ஊர்

பொழுதுபோக்கு இடங்களைத் தேடினால் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் இருந்து தொடங்கலாம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே நடந்தன. படித்தவர்களும் வக்கீல்களும் வேஷம் கட்டலாம் என்ற நிலைமையை உண்டாக்கிய சபை அது. 1890-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் மக்கள் சலனப்படத்தை முதன்முதலாகப் பார்த்ததும் இதே மண்டபத்தில்தான்.

அங்கிருந்து வால்டாக்ஸ் சாலை நடக்கும் தூரம். அங்கே ஒற்றைவாடை என்று ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வீடுகள் உள்ள தெருவை ஒற்றைவாடைத் தெரு என்பார்கள். நாடகக் கம்பெனிகள் முகாம் போட்ட அந்த இடத்தில் இன்று மேடையைத் தேடினால் கிடைக்காது.

1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, மெட்ராஸில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர். தங்கசாலைப் பக்கம் கிரவுனும், புரசைவாக்கத்தில் குளோபும் அவருடையவையே. குளோப் பின்னர் ராக்ஸியானது. 1964-ல் அண்ணா சாலையில் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள். புளூ டயமண்டில் தொடர்ச்சியாகப் படம் ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் இன்று தாத்தாக்கள். கெயிட்டியும் இல்லை, சபையரும் இல்லை.

கட்டடம் போனால்கூடப் பரவாயில்லை, ஆடிய ஆட்டமே போய்விட்டால்? தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று மெட்ராஸ் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய தியேட்டர் அது. டி.பி. ராஜலட்சுமி திரையில் பேசியதையும் பாடியதையும் கேட்க ஊரே திரண்டது. இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட உலகில் இல்லை. படம் எப்படி இருந்தது என்று அறிய நமக்கு மிஞ்சியிருப்பது ‘சுதேசமித்திரன்’ எழுதிய விமரிசனம் போன்ற சில காகிதங்கள்தான். ஒரு மொழியின் முதல் பேசும்படத்தின் குரலை, அன்று ஓரணாவோ இரண்டணாவோ கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப்போட்ட தாள்தான் இன்று சுமந்துகொண்டு நிற்கிறது.

விளம்பரம் சொல்லாமல் விட்டது

விளம்பரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முதலாளி காட்ட விரும்பியதைத்தான் அது காட்டும். மெட்ராஸில் மிகுந்த மதிப்போடு இருந்த வங்கி அர்பத்நாட். ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், சிறு உத்தியோகஸ்தர்கள் என்று பலரும் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22 அன்று வங்கி கதவை அடைத்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். அந்த அடியில் இருந்து பிறந்ததுதான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் 1907-ல் உருவாக்கிய இந்தியன் வங்கி.

ஆகவே தேர்ந்த வாசகர்கள் விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. சில நாள் தள்ளி வந்த செய்தியையும், ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியையும், ஏல அறிவிப்பையும் சேர்த்துப் படிக்கிறார்கள். அசைலம் பிரஸ் ஆண்டுதோறும் வெளியிட்ட டைரக்டரியில் அந்தக் கடையின் பெயர் எந்த வருடம் வரை இருக்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். கடை திறப்பு விழா பெரிய எழுத்தில் வரும். மூடியதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒரு வருடத்து டைரக்டரியில் இருந்த பெயர் அடுத்த வருடம் காணாமல் போவதுதான் அதற்கு அறிவிப்பு.

பலகை எழுதியவர் சேர்த்த காகிதம்

பழைய தாள்களைப் படிக்கச் சென்னையில் இடங்கள் உண்டு. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களும் பத்திரிகைகளும் சட்டப்படி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

ரோஜா முத்தையாவின் கதையே இந்தத் தேடலுக்குப் பொருத்தமானது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த அவர், மெட்ராஸுக்கு வந்து விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் கற்றவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து அலைந்து வாங்கிச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை என்று நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை எதையும் அவர் தள்ளவில்லை. அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு காப்பாற்றப்பட்டு, 1994-ல் நூலகமாக நிலைபெற்றது. அவர் வாங்கிய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. அங்கே இருந்து அவர் வீட்டுக்குத் தூக்கிப்போன காகிதங்கள் பிழைத்துக்கொண்டன.

எல்லாத் தாளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மரக்கூழில் செய்த நியூஸ் பிரிண்ட் நாளாக நாளாகப் பழுப்பேறும். அதிலேயே இருக்கும் அமிலம் அதை அரிக்கும். ஒரு கட்டத்தில் பக்கத்தைத் திருப்பினாலே அப்பளம்போல நொறுங்கும். நுண்படமும் கணினிப் பதிவும் எடுத்து முடிப்பதற்குள் உதிர்ந்துபோகிற பக்கத்தில் எந்தக் கொட்டகையின் கடைசிச் சாட்சி இருந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

நூலகங்களிடம் இல்லாத இதழ்கள் வீடுகளில் இருக்க வாய்ப்புண்டு. தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்த தாள், பாட்டி தொடர்கதை கிழித்து பைண்டு செய்த புத்தகம், சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டிய பக்கம் என்று எந்த உருவத்திலும் இருக்கலாம். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கும்போது, கட்டை அவிழ்த்து ஆண்டையும் முதல் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தையது என்றால் கடை விளம்பரங்களை வாசியுங்கள். தெருவின் பெயர் தெரிந்ததாக இருந்து, கடையின் பெயர் தெரியாததாக இருந்தால் அந்தக் கட்டை எடைக்குப் போடவேண்டாம். தரமணிக்கோ எழும்பூருக்கோ ஒரு போன் போட்டு, தேவைப்படுமா என்று கேட்டுவிடுங்கள்.