ஃபியூஸ் கேரியரும் பீங்கான் பூனையும்!

போனைத் திறந்தால் பூனை வீடியோ. அடுத்து, மேசைமேல் வைக்கிற குட்டிப் பீங்கான் பூனை. கையசைத்துக் கூப்பிடும் அந்த ஜப்பான் பூனையால் டோகோனாமே என்ற ஊர் பெயர் வாங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு பீங்கான் ஊர் உண்டு. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு வருகிறவர்கள் செராமிக் தொழிற்பேட்டையையும் எட்டிப் பார்க்கலாம்.

பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்தான் இந்தத் தொழிலுக்கு அடித்தளம். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்புறத்தில் மண் தோல்போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்தால் உள்ளே கூடான பொம்மை ரெடி! காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணமும் மெருகும் ஏற்றினால் பளபளப்பு.

வாங்கும்போது விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம்.

அந்தக்கால மீட்டர் பெட்டியின் வெள்ளை ஃபியூஸ் கேரியரும் இங்கே தயாரானதுதான். அதன் இடத்தை இப்போது எம்.சி.பி. பிடித்துவிட்டது. கொலுப் பொம்மைக்கும் அகல் விளக்கும் கிடைக்கும் மவுசுதான் இனி பெரிய பலம்.

சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது இந்த ஊர்க் கதை. இன்று போனில் பணம் போட்டு, வாசலில் பொம்மையை எடுக்கிறார்கள். கொலுப் படத்துக்கு லைக் குவிகிறது. பொம்மை பிறந்த ஊரை யார் கேட்கிறார்கள்? அடுத்த ஸ்டேட்டஸில் ‘விருத்தாசலம்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமே!