லாடமும் இயந்திரமும்

திருத்தணியில் புகைவண்டியை விட்டு இறங்குவோர் பெரும்பாலும் மலையை நோக்கியே நடப்பர். நான் பிறந்த வீட்டுக்கு வழி வேறு. சித்தூர்ச் சாலையோரத்துப் புளியமரம் ஒன்றின் அடியில் என் தந்தையார் மாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இல்லத்தில் அவரை 'அத்தா' என்றே அழைப்போம்.

மாட்டைக் கயிற்றால் சாய்த்துக் கிடத்தி, கால்களைக் கழியோடு பிணைத்து, குளம்பைச் சீவிச் சமப்படுத்தி, லாடத்தை வைத்து ஆணி அறைய வேண்டும். பிளவுபட்ட குளம்பாதலின் ஒரு காலுக்கு இரண்டாக, ஒரு மாட்டுக்கு எட்டு லாடங்கள். ஆணி சற்றே உள்ளே சென்றால் மாடு நொண்டும்; அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் நொண்டும். அரபு மொழியில் 'நஅல்' என்னும் ஒரே சொல் மனிதனின் செருப்பையும் விலங்கின் லாடத்தையும் குறிக்கும். இதனை நான் மதரஸாவில் கற்று வந்து அத்தாவிடம் கூறியபோது, "நான் செருப்புத் தைக்கிறவன்தான் தம்பி, வாயில்லாத பிள்ளைகளுக்கு" என்று சிரித்தார்.

அச்சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. சேற்றில் உழும் மாட்டுக்கு லாடம் வேண்டியதில்லை. தார்ச்சாலையில் பாரம் இழுக்கும் வண்டி மாட்டுக்கே அது தேவை. ஊருக்குள் வந்த டிராக்டர் உழவோடு நின்றிருப்பின் அத்தாவின் தொழில் பிழைத்திருக்கும். அதன் பின்னால் டிரெய்லர் பூட்டப்பட்டதும், கரும்பும் நிலக்கடலையும் செங்கல்லும் அதில் ஏறின. நகரிப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்கு வண்டிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக மாட்டை விற்றனர். புளியமரத்தடி வெறிச்சோடிற்று. இந்நிலையில் என் தம்பி டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் சேர விரும்பினான். "என் சோற்றில் மண் போட்டதற்கு நீ எண்ணெய் போடப் போகிறாயா?" என்றார் அத்தா. ஓராண்டுக் காலம் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

1986-ஆம் ஆண்டு, அத்தாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னை சென்றோம். மருத்துவரைக் கண்டபின், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழ எண்ணி, அண்ணா சாலையில் சிம்சன் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கினோம். 'சிம்சன்' என்ற சொல்லைக் கேட்டதும் அத்தா நின்றுவிட்டார். ஊர் டிராக்டர்களின் இன்ஜினைக் காட்டித் தம்பி ஓயாமல் உச்சரித்த பெயரல்லவா அது! "அது பிறந்த வீடு இதுதானா?" என்று கேட்டார். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் விடை கூறினார்: "ஆமாம் பாய், ஆனால் ஆதியில் இவர்கள் செய்தது குதிரை வண்டி."

அம்முதியவர் கூறியது உண்மையே என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். 1840-இல் சென்னையில் சிம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது கோச்சு வண்டி கட்டும் தொழில். 1903-இல் அந்நிறுவனத்தார் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டி நகரத்தை வியக்கச் செய்தனர். பின்னர் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் கூண்டு கட்டினர். ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.அனந்தராமகிருஷ்ணன் (1905-1964) தலைமையில் அது இந்தியர் கைக்கு வந்தது. 1950-களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்துடன் கூடி டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கியது. 1960-இல், மாஸ்ஸி பெர்குசன் கூட்டுறவோடு, அதே குழுமத்தில் 'டாஃபே' எனும் டிராக்டர் நிறுவனம் தோன்றி, செம்பியத்தில் ஆலை அமைத்தது. அதே 1960-இல், ஏப்ரல் முதல் நாள்தான் எங்கள் திருத்தணி ஆந்திரத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊர் தமிழகம் சேர்ந்த ஆண்டிலேயே அத்தாவின் தொழிலுக்கு முடிவுரையும் எழுதத் தொடங்கப்பட்டது போலும்!

அன்று இவையொன்றும் எங்களுக்குத் தெரியாது. அத்தா அக்கட்டடத்தை நெடுநேரம் நோக்கி நின்றார். "குதிரையை நம்பியிருந்தவன், குதிரை போன பிறகும் நிற்கிறான்" என்றார். தொழுகை முடிந்து திரும்பும்வரை வேறொன்றும் பேசவில்லை. இரவு வண்டி அரக்கோணத்தைத் தாண்டியபின், "உன் தம்பியை அந்தப் பட்டறையில் சேர்த்துவிடு" என்று மட்டும் கூறினார். நான் காரணம் கேட்கவில்லை.

தம்பி சேர்ந்தான், உழைத்தான், இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். அத்தா மறுமை எய்தி ஆண்டுகள் பல ஆயின. அரபியில் டிராக்டரை 'ஜர்ரார்' என்பர். இழுப்பது என்று பொருள். ஆங்கிலப் பெயரின் லத்தீன் வேரும் இழுத்தலையே குறிக்கும். பாடம் நடத்துகையில் இச்சொல் வரும்போதெல்லாம், அது எதையெல்லாம் தன் பின்னே இழுத்துச் சென்றது என்று என் நெஞ்சம் எண்ணும்.

அத்தாவின் முடிவு சரியே. எனினும் அவர் கூற்றில் ஒரு குறை உண்டென்று இன்று கருதுகிறேன். குதிரை போன பிறகும் நின்றது நிறுவனம். அதற்கு முதலும் நிலமும் இருந்தன. கோச்சுச் சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கிய தச்சரும், பட்டை பூட்டிய கொல்லரும் அதனோடு நின்றனரா? நான் படித்த வரலாற்றில் அவர்கள் பெயரைக் காணவில்லை. தம் கைகளைத் தவிர வேறு முதலில்லாத மனிதர், தொழில் மாறும்போது தாம் மாறுவதில்லை. பிள்ளைகளை மாற்றிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

அத்தாவின் சுத்தியலும் குளம்பு சீவும் உளியும் தம்பியின் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. அவற்றுக்குத் துரு ஏறாமல் மாதம் ஒருமுறை அவன் எண்ணெய் பூசுகிறான். டிராக்டருக்குப் போடும் அதே எண்ணெய்தான்.