பெட்டிக்குள் ஒரு டாங்கி

பொம்மைகளுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இல்லை. நாவல், நாட்டியம், சினிமா, சில சமயம் ஹோட்டல் சாம்பார் ஆகியவற்றைப் பற்றித் தாட்சண்யமின்றி அபிப்பிராயம் சொல்ல ஆட்கள் உண்டு. ஆனால் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, "இது அந்த வண்டிதானா, இல்லையா? பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? புத்தகத்தைக் குறை சொன்னால் எழுதியவர் ஒருவருக்குத்தான் வருத்தம். இங்கே வருத்தப்பட வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் ஜெகதாப்பட்டினத்து ஓடாவி. படகு கட்டும் ஆசாரியை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். என் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடைக்காலத்தில்தான் நான் வழக்கமாக அங்கே போவேன். மீன் சரியாகக் கிடைக்காது. ஆனால் பேச ஆள் கிடைப்பார்கள். படகுகளெல்லாம் கரையோரம் ஓய்வெடுக்க, ஊரே சுத்தியலும் பெயிண்ட் டப்பாவுமாக இருக்கும்.

பர்மா யுத்தத்தை வைத்து நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். கதாநாயகியைவிட டாங்கிக்குத்தான் அதில் வர்ணனை அதிகம் என்பது என் மனைவியின் விமரிசனம். அந்த விமரிசனம் அக்காள் மூலம் ஊரில் பரவி, டாங்கி விஷயத்தில் எனக்கு ஒரு பெயரைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. அதனால்தான் ஓடாவி அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. மேலே 'ஸ்டூவர்ட்' என்று எழுதியிருந்தது. பாலைவனத்தில் புழுதி பறக்க ஒரு டாங்கி பாய்ந்து வரும் படம்.

இந்தச் சாமான் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, உதிரி உதிரியாகப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். வாங்கியவர் வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து என்ற கணக்கு எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்தில் மரத்தில் மாதிரிகள் செய்துகொண்டிருந்த டாமியா கம்பெனி, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் கொண்டு வந்தது. உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓடச் செய்ய வேண்டும். அவற்றுக்கு இடம் விட்டுச் செய்து பார்த்தபோது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று என்று வந்தது. பாட்டரி நிர்ணயித்த அளவைத்தான் பின்னால் மற்றக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன.

ஓடாவி அண்ணனுக்கு இந்தச் சரித்திரம் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. அவருடைய தகப்பனார் மதராஸ் ஸாப்பர் படையில் தச்சராக இருந்தவர். 1948இல் காஷ்மீரத்தில் சோஜிலா கணவாய்க்குப் பாதை போட்டவர்களில் ஒருவர். 1998இல் காலமானார். ஜம்மு காஷ்மீர் என்று பட்டை தைத்த பதக்கம் ஒன்று வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பேரன் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். பதக்கத்தோடு அந்த டாங்கியையும் வைக்க வேண்டும் என்று பையன் கேட்டிருக்கிறான்.

சோஜிலா கதை படித்தவர்களுக்குத் தெரியும். சுமார் 11,500 அடி உயரத்தில் லடாக்குக்குப் போகும் வாசல் அது. எதிரி மேலே உட்கார்ந்திருந்தான். செப்டம்பரில் காலாட்படை முட்டிப் பார்த்து முடியவில்லை. டாங்கியைக் கொண்டுபோகலாம் என்று ஜெனரல் திம்மய்யா தீர்மானித்தார். அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. 7வது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகளைச் சுழலும் கோபுரம் வேறு, உடல் வேறாகக் கழற்றி ஸ்ரீநகர் வழியாக ரகசியமாகக் கொண்டுபோனார்கள். வலுவில்லாத பாலங்களில் கம்பி கட்டி இழுத்தார்கள். கோவேறு கழுதை போகும் ஒற்றையடித் தடத்தை மதராஸ் ஸாப்பர்கள் வண்டி போகும் பாதையாக வெட்டினார்கள். நவம்பர் 1ஆம் தேதி டாங்கிகள் மேலே போய் நின்றன. அன்றே கணவாய் விழுந்தது. அந்த மாதக் கடைசிக்குள் கார்கில் வரை பாதை திறந்துவிட்டது.

மதராஸ் ஸாப்பர்களை ராணுவத்தில் 'தம்பிகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தம்பி ஒருவரின் மகன் என்னைத் தம்பி என்று அழைத்து, பெட்டிக்குள் இருப்பது அந்த டாங்கிதானா என்று கேட்கிறார்.

அது அந்த டாங்கி அல்ல.

ஸ்டூவர்ட் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அமெரிக்காவில் செய்த இந்த லேசான டாங்கிக்கு, அவர்களுடைய உள்நாட்டுப் போரில் குதிரைப்படை நடத்திய ஒரு தளபதியின் பெயரை ஆங்கிலேயர்கள் வைத்தார்கள். மூத்தவன் எம்3. ஆகாய விமானத்துக்கென்று வகுத்த ஏழு சிலிண்டர் எஞ்சின், தரையாணி அடித்த தகடுகள். 1941இல் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்டவன் இவன்தான். இளையவன் எம்5. விமான எஞ்சின் ஆகாயப்படைக்கே போதவில்லை என்பதால் இரண்டு காடிலாக் மோட்டார் கார் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவற்றுக்கு இடம் வேண்டிப் பின்பக்கத்து மேல்தட்டு திமில் போல உயர்ந்தது. முன்பக்கம் சாய்ந்த ஒரே தகடாயிற்று. சோஜிலா ஏறியது இளையவன். பெட்டியில் இருந்தது மூத்தவன்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மற்றக் குணதோஷங்களை ஆராய்கிற பாவனையில் துண்டுகளைப் புரட்டினேன். சக்கரங்கள் நன்றாக இருந்தன. அவற்றைத் தாங்கும் சுருள்வில் கூட்டைச் சிரத்தையாகச் செதுக்கியிருந்தார்கள். துப்பாக்கிக் குழல் கொஞ்சம் தடிமன். இப்படி நான் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் ஒரு துண்டை எடுத்து விளிம்பை விரலால் தடவினார்.

"பிசிர் வந்திருக்கு பாருங்க. தேஞ்ச அச்சு இது. ரெண்டு அச்சும் கவ்வாம இடையில ஒழுகியிருக்கு. நம்ம ஃபைபர் வள்ளத்துக்கும் இப்படித்தான் வரும்."

நான் படித்த நிபுணர்கள் எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மரத்தில் தொழில் கற்றவர். இப்போது இருபது வருஷமாக ஃபைபரில்தான் வேலை. உட்பக்கத்தில் வட்டமாகக் குழி விழுந்திருந்ததைக் காட்டி, அச்சிலிருந்து துண்டைக் குச்சி கொண்டு தள்ளிய தடம் அது என்றார். அதுவும் சரிதான்.

பிறகு துணிந்து சொல்லிவிட்டேன். திமிலைப் பற்றியும் காடிலாக் எஞ்சினைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வெள்ளி கொடுத்து மகன் வாங்கியது.

"பின்னாடி மட்டுந்தான் வித்தியாசமா?"

"முன்னாடியும் கொஞ்சம் உண்டு அண்ணே. தலையும் வேற மாதிரி."

"தலையத்தான் கழட்டிட்டாங்களே" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அவரிடம் அந்தக் கதையைச் சற்றுமுன் நானே விஸ்தாரமாகச் சொல்லியிருந்தேன். அவருடைய அப்பா பாதை வெட்டிய நாட்களில் கோபுரத்தோடு கூடிய டாங்கியைப் பார்க்கவே இல்லையாம். படுதா போட்டு மூடிய ஏதோ ஒன்று வருகிறது, அதற்கு வழி வேண்டும், அவ்வளவுதான் தெரியுமாம். பெட்டிக்காரன் தன் திறமையெல்லாம் காட்டியிருந்தது கோபுரத்தில்தான். மூடி, கொக்கி, எட்டிப் பார்க்கும் துவாரம் எல்லாம் அதில் இருந்தன. அந்த ஒரு துண்டுதான் இங்கே வேண்டாதது.

"படுதா போட்டுட்டா திமிலும் தெரியாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டினார். "வேணாம். புள்ளைங்க தூக்கிப் பாக்கும்."

மேல்தட்டைப் பிசின் ஊற்றி உயர்த்துவதென்று முடிவாயிற்று. எனக்குச் சந்தேகம். துண்டுகள் கோத்திருந்த சட்டத்திலிருந்து ஒரு முனையை ஒடித்து, பட்டறையில் ஃபைபருக்குப் பூசும் பிசினைத் தடவி வைத்தோம். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால், பிளாஸ்டிக் இளகிக் குழைந்து கையில் ஒட்டியது. காரணம் எளிது. இந்தப் பிளாஸ்டிக் ஸ்டைரீனிலிருந்து வந்தது. அந்தப் பிசினிலும் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. அது இதைக் கரைத்துவிடும். பட்டறைக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும் அந்த நெடியும் அதனுடையதுதான். "சொந்தக்காரன்தான் சொத்தக் கரைப்பான்" என்றார் அண்ணன். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கு நடக்கிறது.

மரந்தான் கதி என்று ஆயிற்று. மூலையில் கிடந்த பழைய வள்ளத்துப் பலகையிலிருந்து ஒரு வேம்புத் துண்டை அறுத்து, உளியால் திமிலைச் செதுக்கத் தொடங்கினார். வருஷக் கணக்கில் உளி பிடிக்காத கை என்று சொல்ல முடியாது. நான் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்ததோடு சரி. முன் தகட்டுக்கும் மெல்லிய ஒரு சீவல்.

நான் சும்மா இருக்க மாட்டாமல் கணக்குப் போட்டேன். நிஜ எம்5 சுமார் 15 டன். முப்பத்தைந்தை மூன்று முறை பெருக்கி வகுத்தால் இந்தப் பொம்மை 350 கிராம் கனக்க வேண்டும். கையில் எடுத்தால் கோழி முட்டை அளவுகூட இல்லை. சோஜிலாவையும் முப்பத்தைந்தால் வகுத்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடமோ கடல் மட்டம். அங்கிருந்து நூறு மீட்டர் உயரத்தில் கணவாய் வர வேண்டும். பட்டறையிலிருந்து வெளியே பார்த்தேன். தெரிந்த வரையில் மிக உயரமானது செல்போன் கோபுரம். அது அதில் பாதி இருந்தால் அதிகம். அந்த உயரத்தில் காற்றே இங்குள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சினும் திணறும், கடப்பாரை பிடித்தவனும் திணறுவான். ஜெகதாப்பட்டினத்து உப்புக் காற்றில் வளர்ந்த ஒரு தச்சர் நவம்பர்ப் பனியில் அங்கே நின்றிருக்கிறார்.

"அப்பா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டேன்.

"டாங்கியப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வெரலு மடங்காதும்பாரு. கடப்பாரையப் புடிச்சா புடிச்சபடி நிக்குமாம். எடது கையால வலது கை வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு விடணுமாம்." உளியைக் கீழே வைக்காமலே தம் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சாவுற வரைக்கும் மார்கழி வந்தா அந்தக் கையத் தேச்சுக்கிட்டே இருப்பாரு. எனக்கு அப்பல்லாம் எரிச்சலா வரும்."

பெட்டியில் மூன்று சிப்பாய்ப் பொம்மைகள் இருந்தன. மூவரும் அமெரிக்கர்கள், கோபுரத்துக்குள் நின்று தூரத்தைப் பார்ப்பவர்கள். கடப்பாரை பிடித்தவன் ஒருவனும் இல்லை. உலகம் முழுவதும் விற்கிற பெட்டியில் அவனை எதிர்பார்க்கவும் முடியாது. நியாயமாக எடை போட்டால் இது மோசமான சாமான் இல்லை. அச்சு தேய்ந்திருந்தாலும் அளவு பிசகவில்லை. ஆப்பிரிக்கச் சண்டையைச் செய்ய நினைப்பவர் தைரியமாக வாங்கலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் திமில் பொருந்திவிட்டது. தலை இல்லாத உடலை ஒரு பலகையின் நடுவில் வைத்தார். இனிப் பாதை செய்ய வேண்டும். கருங்கல் ஜல்லியும் சிமெண்டும் போதும் என்றார்; ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

"வண்டி அகலம் ஆறரை சென்டி" என்றேன். "பாதை பத்து வைக்கலாமா?"

"பத்து எதுக்கு? பக்கத்துக்கு ஒரு முழம்கூட இல்லேம்பாரு. முழத்துக்கு உங்க கணக்குல எவ்வளவு?"

"ஒண்ணேகால் சென்டிக்குக் கொஞ்சம் மேல."

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வண்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டி விட்டுக் கோடு கிழித்தார். பிறகு பள்ளத்துப் பக்கத்துக் கோட்டை மட்டும் அழித்துவிட்டு, இன்னும் சற்று உள்ளே தள்ளிக் கிழித்தார்.