மஞ்சக்குட்டையில் 5,000 வாட்ஸ்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் காது அடைத்துக்கொள்ளும். ஒரு கொட்டாவி விட்டால் திறக்கும். ஏரியையும் படகையும் மிளகாய் பஜ்ஜியையும் தேனிலவுக்காரர்களுக்கு விட்டுவிட்டு மஞ்சக்குட்டை ரோட்டில் திரும்பினால் சட்டென்று வேறு ஊர். இரு பக்கமும் காபி, அதற்கு நிழல் தர சில்வர் ஓக், அதைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து நட்ட காபி, மலை முழுக்கப் பரவிவிட்டது. இங்கே யாராவது 'நான் மலையாளி' என்றால் உடனே 'சுகந்தன்னே?' என்று கேட்டு வைக்காதீர்கள். சேர்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர். பேசுவது தமிழ்.

நான் போனது பழைய ஆபீஸ் நண்பன் வீட்டுக்கு. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கர் காபியோடு மல்லுக்கட்டுகிறான். போனதுமே ஒரு பஞ்சாயத்து.

"இவன்கிட்ட நீயாவது சொல்லுடா. லீவுல காபிப் பழம் பறிச்சு நாலாயிரம் சேர்த்திருக்கான். மொத்தத்தையும் கொண்டுபோய் ஸ்பீக்கர்ல போடறானாம்!"

"மாமா, அது 5,000 வாட்ஸ்" என்றான் பையன். காலேஜ் முதல் வருஷம். 2000-ல் வந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டை ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் இன்னும் விடாமல் ஆடுகிறான். எதிரியின் காலடிச் சத்தம் சரியாகக் கேட்காததால் தினமும் பத்து முறை சாகிறானாம்.

அட்டைப்பெட்டியில் போடுகிற அந்த 5,000 வாட்ஸுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை சம்பளம் மாதிரி, யாரும் சரிபார்ப்பதில்லை. வீட்டில் உள்ள 5 ஆம்பியர் பிளக்கில், 230 வோல்ட்டில், 1,150 வாட்ஸுக்கு மேல் எடுக்க முடியாது. மீதி 3,850 எங்கிருந்து வரும், மேட்டூரிலிருந்து நேராகவா? பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண்ணைத்தான். பையனிடம் இருந்தது யு.எஸ்.பி.யில் கரண்ட் வாங்கும் சின்ன ஸ்பீக்கர் ஜோடி. பழைய கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட்ஸ்.

"ரெண்டரைதானா?" என்று முகம் சுருங்கினான்.

மஞ்சக்குட்டைக்கு அது தாராளம். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க பவர் பத்து மடங்கு வேண்டும். அதையே திருப்பிப் போடுங்கள்: சுற்றுப்புற இரைச்சல் 20 டெசிபல் குறைந்தால், நூறில் ஒரு பங்கு பவரிலேயே அதே தெளிவு. என் சேலம் வீட்டில் ஃபேன், மிக்ஸி, தெருமுனை டவுன் பஸ் எல்லாவற்றையும் மீறி ஸ்பீக்கர் கத்த வேண்டும். இங்கே ஃபேனே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பூச்சி. அது நிறுத்தினால் அடுத்த பூச்சி.

ஆனால் இந்த அமைதிக்கு ஒரு குணம் உண்டு, குற்றத்தை மறைக்காது. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'ஞ்ஞ்ஞ்' என்று ஒரு முனகல். கரண்டும் பாட்டும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு ஒயரில் வருவதால் நடக்கும் கூத்து. யு.எஸ்.பி. ஒயரை மட்டும் பிடுங்கி செல்போன் சார்ஜரில் செருகினேன். முனகல் போச்சு. ஆடியோ பின்னை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத் துளையில் மாற்றினேன். கம்ப்யூட்டரில் வால்யூமை ஏறக்குறைய முழுசாக வைத்து ஸ்பீக்கர் குமிழைக் குறைத்ததும் 'உஸ்' சத்தமும் அடங்கியது. 'பாஸ் பூஸ்ட்' என்று ஒன்றை டிக் அடித்து வைத்திருந்தான். மூன்று அங்குல ஸ்பீக்கரை இடி இடிக்கச் சொன்னால் அது இருமத்தான் செய்யும். அணைத்தேன்.

அடுத்தது அறை. கை தட்டினால் 'டங்' என்று திரும்பி வந்தது. தகர ஷீட், சிமென்ட் தரை, வெற்றுச் சுவர். மூலையில் காபி மூட்டைகள் சும்மா கிடந்தன. மூன்றை எதிர்ச்சுவரில் அடுக்கி, ஒரு கம்பளியை மேஜை மேல் விரித்தோம். ஸ்பீக்கருக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், காது உயரத்துக்கு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலி.

கடைசியாக இடது சேனலை மட்டும் ஓடவிட்டேன். சத்தம் வலது பக்கம் வந்தது.

"இதை யாரு மாத்தி வெச்சது?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப நான்தான் எடுத்து வெச்சேன்" என்றார் வீட்டம்மா சமையலறையிலிருந்து. "ஏன், அதுல இடது வலது எல்லாம் இருக்கா?"

பொங்கலிலிருந்து பையன் சத்தம் வந்த திசைக்கு நேர் எதிரே திரும்பிச் சுட்டுக்கொண்டிருக்கிறான்!

மாற்றி வைத்தோம். செலவு: பூஜ்யம். நாலாயிரமும் டப்பாவிலேயே இருக்கிறது. இந்த விளையாட்டில் ஓடினால் காலடி கேட்கும், ஷிஃப்ட்டை அழுத்தி நடந்தால் கேட்காது. அதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆட ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் கையை உயர்த்தினான்.

"மாமா, இடது பக்கம் ஒருத்தன் வர்றான். மெதுவா. செடியை உரசிக்கிட்டு வர்றான். சூப்பரா கேக்குது!"

திரையில் பாலைவனம். செடியே இல்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். சத்தம் நிற்கவில்லை.

நண்பன் எழுந்து, இடது பக்க ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

"காட்டெருமைடா. காபிக்குள்ள இறங்கியிருக்கு. காலையில வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகாதீங்க."