பழவேற்காட்டில் ஒரு பகல்

திருத்தணியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் குடும்பத்தார் ஒருநாள் வெளியே கிளம்புவதென்றால், சென்னைக் கடற்கரையைத்தான் நினைப்பர். இல்லையேல் உறவினர் வீட்டுத் திருமணம். மலைப்படிகளையும் கிருத்திகைக் கூட்டத்தையும் பழம் பறிக்கும் குரங்குகளையும் அன்றாடம் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் பழவேற்காடு பெயரளவில்கூடத் தெரியாது. வாசகர்களே, மழைக்காலம் ஓய்ந்த பின், டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில், ஒரு விடுமுறை நாளில் ஃபஜ்ரு தொழுத கையோடு அவர்களை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். திருவள்ளூர், பெரியபாளையம், பொன்னேரி வழியாகச் சாலை செல்கிறது.

இந்தப் பயணம் முழுவதும் எல்லையோரப் பயணம்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதே ஏற்பாட்டின்படி சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. பழவேற்காட்டு ஏரியோ இன்றும் இரு மாநிலங்களுக்கும் பொது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி அங்கே, சிறுபகுதி இங்கே. தெற்கில் ஆரணியாறும் வடமேற்கில் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புநீரைத் தருகிறது. இரண்டும் கலக்கும் அந்த ஆழமற்ற நீரில்தான் இறாலும் நண்டும் செழிக்கின்றன. அவற்றை நாடிப் பறவைகளும் வருகின்றன.

பூநாரையைப் பாருங்கள். நீண்ட கால்களால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தித் துழாவுகிறது. அலகின் ஓரங்களில் அமைந்த சல்லடை போன்ற தகடுகள் நீரை வெளியேற்றி, நுண்ணுயிர்களையும் பாசியையும் நிறுத்திக்கொள்கின்றன. குஞ்சாக இருக்கையில் அதன் நிறம் சாம்பல். உண்ணும் உணவிலுள்ள நிறப்பொருளால்தான் வளர வளர இளஞ்சிவப்பு ஏறுகிறது. இதைப் பாடநூலில் படிப்பதற்கும், ஆயிரக்கணக்கில் அவை ஒருசேர எழும்பும்போது சிறகின் உட்புறச் சிவப்பு ஒரே வீச்சில் விரிவதைக் கண்ணால் காண்பதற்கும் உள்ள தொலைவு கொஞ்சமன்று. ஆனால் அவை கரையிலிருந்து வெகுதூரத்தில் மேயும். தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கியேனும் எடுத்துச் செல்லுங்கள். சொந்த வண்டி உள்ளோர் பழவேற்காட்டை விடுத்து, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையைத் தேர்ந்தால், ஏரிக்குக் குறுக்கே போகும் அச்சாலையின் இருமருங்கிலும் அவற்றை இன்னும் அருகில் பார்க்கலாம். எனினும் பழவேற்காட்டையே நான் பரிந்துரைப்பேன். காரணம் பறவை மட்டுமன்று.

நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை மலாய் நாட்டில் ‘கைன் பெலிக்காட்’ என்பர். அந்தப் பெலிக்காட் வேறெதுவுமன்று. புலிகாட் என்று ஐரோப்பியர் வழங்கிய இந்தப் பழவேற்காடுதான். இங்கிருந்து துணி கிழக்கே கப்பலேறியது. அதற்கு ஈடாக நறுமணப் பொருள்கள் பெறப்பட்டன. அந்த வணிகத்தை நாடித்தான் ஒல்லாந்தர் வந்து, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக இதனை வைத்திருந்தனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஆனால் தொல்லியல் துறை காக்கும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் நிலைத்திருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிறுவர்கள் அங்கேயே நின்றுவிடுவர். கல்லின் வேலைப்பாட்டை வியக்கும்போது ஒன்றையும் சொல்லிக் கொடுங்கள்: பஞ்ச காலங்களில் பசியால் விற்கப்பட்ட மனிதர்களையும் இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றி அனுப்பினர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, எழுத்துமில்லை.

ளுஹருக்குப் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். இவ்வூர் முஸ்லிம்களில் பலர், தம் முன்னோர் மதீனாவிலிருந்து கடல்வழி வந்தோர் எனச் செவிவழியாகக் கூறிவருகின்றனர். அரபுத்தமிழ் ஏடுகளைப் பேணிவந்த குடும்பங்களும் இங்குண்டு. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரத்தோடு அதன் நிழலை ஒப்பிடப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்; நிழல் எவ்வாறு சாய்ந்து நீள்கிறது என்பதை நாம் மதரஸாவில் ஒரு வாரம் விளக்குவதைவிட நன்றாகப் புரிந்துகொள்வர். தாய்மார்கள் பனையோலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். இவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைவேலை அது. பேரம் பேசாதீர்கள், ஓலையைச் சீவி, சாயமேற்றி, முடைவதற்குப் பிடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் அவ்விலை குறைவே.

ஓர் எச்சரிக்கை. கரையில் யாரேனும் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போவதாக அழைப்பர். போகவே போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறையைக் கழிக்க வந்து படகேறியோரில் 22 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, படகு கவிழ்ந்து மாண்டனர். பெரும்பாலோர் உறவினர், மிதவைச் சட்டை இல்லை. அதன்பின்னர் சுற்றுலாப் படகுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரி ஆழமற்றதாகத் தோன்றும். முகத்துவாரத்தின் நீரோட்டமோ வேறு.

அந்த முகத்துவாரம்தான் மீனவர்களின் கவலையும். மணல் சேர்ந்து அது தூர்ந்துவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது குன்றும். கடலில் பிறந்து ஏரியில் வளர வேண்டிய இறால் குஞ்சுகளும் வரமாட்டா. ‘பாடு’ என்று முறைவைத்து, இன்றைக்கு இவர் நாளைக்கு அவர் எனத் தமக்குள் மீன்பிடி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் இவர்களிடையே வழிவழியாக உண்டு. பங்கிட மீன் இருந்தால்தானே பாடு! கரையில் வலை உலர்த்தும் பெரியவர் எவரிடமும் ஸலாமோ வணக்கமோ சொல்லி, “ஐயா, இந்த வருசம் முகம் திறந்திருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். பறவை எவ்வளவு வந்திருக்கிறது என்பதையும் அவரே சேர்த்துச் சொல்லிவிடுவார்.

குடிநீரும் கட்டுச்சோறும் உடன் இருக்கட்டும். அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் இன்ஷா அல்லாஹ் இஷா வேளைக்குத் திருத்தணி சேரலாம்.