இரவு இரண்டு மணிக்கு

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களைச் சற்று நின்று கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். செவுளைத் தூக்கி, சிவப்பாயிருக்கிறதா என்று பார்க்காமல் எவரும் மீன் வாங்குவதில்லை. கத்தரிக்காய் வாங்குகிறவர் காம்பைப் பார்க்கிறார். வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். புடைவை வாங்கப் போகும் மாதரசிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, கடையிலுள்ள அத்தனை புடைவையும் பாயில் விரிந்த பிறகுதான், "வேறு இல்லையா?" என்று அவர்கள் ஆரம்பிக்கிறார்கள். இவ்வளவு சாமர்த்தியமுள்ள நாம், வீட்டுப் பெரியவர் ஒருவரின் கடைசி நாட்களைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது மட்டும் எதையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. "அந்த இடம் நன்றாயிருக்கிறதாம்" என்று யாரோ சொன்னால் போதும், புறப்பட்டு விடுகிறோம்.

நாமும் அப்படித்தான் போனோம். அந்தக் கதையைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறோம். வாசகர்களில் ஒருவரேனும் நம்மைக் காட்டிலும் ஜாக்கிரதையாக நடந்துகொண்டால் இந்த வெட்கம் வீண்போகாது.

கூவம் நதி வளைந்து செல்லும் இடத்தில் அமைந்தது நம் பேட்டை. 1734-ஆம் ஆண்டில் கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிச் சத்தம் ஓய்ந்து வெகு காலமாயிற்று. இப்போது கேட்பது பறக்கும் ரயிலின் சத்தம். அந்தச் சத்தம் கேட்கும் ஒரு சந்து வீட்டில்தான் நம் அத்தை ஐம்பத்தைந்து வருஷம் வாழ்ந்தாள். அந்த வீட்டு வாசற்படி ஏறியவர் யாரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் தன் தட்டைத் தானே ஒதுக்கி வைத்தாள். பரிசோதனைகள் நடந்தன. வயிற்றில் புற்று; ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, அழைத்துப் போய்ச் சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

சௌகரியமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஹாஸ்பிஸ் என்னும் இல்லங்கள் உண்டென்று ஒரு சிநேகிதர் சொன்னார். நகரத்துக்கு வெளியே அப்படி ஒன்றைப் போய்ப் பார்த்தோம். வாசலில் துளசி மாடம்; தரை கண்ணாடி போல் பளபளத்தது. நிர்வாகி தேனாகப் பேசினார். நமக்கு இளநீர் கொடுத்தார். வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சியைக் கண்டதும், "அத்தை மாலை வேளையில் இங்கே உட்காரலாம்" என்று நாமே சொல்லிக்கொண்டோம். அத்தையால் உட்கார முடியாது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. முன்பணம் கட்டி, மறுநாளே கொண்டுபோய் விட்டோம்.

மூன்றாம் நாள் இரவு அத்தைக்கு வலி கண்டது. காய்ச்சலுக்குத் தரும் சாதாரண மாத்திரை ஒன்று கொடுத்தார்களாம். அது கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. டாக்டர் காலை பத்து மணிக்குத்தான் வருவார். கடும் வலிக்கான மருந்தோ அங்கே வைத்திருப்பதே இல்லை. பணிப்பெண் ஒருத்தி விடிய விடிய அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நாம் போய் அந்தப் பெண்ணிடம் இரைந்தபோது, அத்தை கண்ணைத் திறந்து, "அவளைக் கோபிக்காதேடா அப்பா. பாவம், அவளிடம் அன்பு இருக்கிறது, மருந்து இல்லை" என்றாள்.

அன்றே அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குற்றத்தில் பாதி, கேட்க வேண்டியதைக் கேட்காத நம்முடையது.

அத்தை சொன்ன அந்த வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்பது பிற்பாடு இதைப் பற்றி விசாரித்தபோதுதான் தெரிந்தது. லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்று ஓர் அம்மையார் இருந்தார். முதலில் தாதி, பிறகு ஆஸ்பத்திரியில் சமூக சேவகி. மரணத் தறுவாயிலிருந்தவர்களின் வலியைப் பார்க்கச் சகியாமல், நடு வயதை நெருங்கும் காலத்தில் வைத்தியம் படித்து 1957-ல் டாக்டரானார். 1948-ல் அவருடைய பராமரிப்பில் இறந்த போலந்து தேசத்து ஏழை ஒருவர், "நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன்" என்ற கருத்துப்படச் சொல்லி 500 பவுன் எழுதி வைத்தார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்பப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 1967-ல் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. அம்மையார் வற்புறுத்திய முறை எளியது: வலி வந்து நோயாளி துடித்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே வாய்வழியாகக் கொடுப்பது. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் ஆத்மாவிலும் இருக்கிறது என்பதும் அவர் போதித்த பாடமே.

நம் தேசத்திலும் இந்தப் பாடத்தைப் பற்றி ஒரு விவாதம் நடந்ததுண்டு. அன்னை தெரேஸா 1952-ல் கல்கத்தா காளிகட்டத்தில் மரணத் தறுவாயிலிருக்கும் அநாதைகளுக்கென்று இல்லம் திறந்தார். தெருவில் கிடந்தவர்களை அள்ளியெடுத்த அந்தக் கருணையை உலகமே வணங்கியது. 1994-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர் ராபின் பாக்ஸ் அவ்விடத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அங்குள்ள சுத்தத்தையும், புண்களைப் பேணுவதையும், அன்பையும் அவர் பாராட்டினார். ஆனால் கடும் வலிக்கு ஏற்ற மருந்து இல்லாததைக் குறையாக எடுத்துச் சொன்னார். ஹாஸ்பிஸ் இயக்கத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இதுவே என்றார். அந்தக் கட்டுரைக்குப் பலமான ஆட்சேபங்களும் எழுந்தன. ஆயினும், அன்பு ஒன்றை வைத்து மட்டும் ஓர் இல்லத்தை மதிப்பிடலாகாது என்பதை நம் அத்தை ஒரே இரவில் கண்டுகொண்டாள்.

கடும் வலிக்கு மருந்து என்றால் முக்கியமாக மார்பின். அது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. இதில் நெஞ்சை உறுத்தும் சமாசாரம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியுடன் கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் வயலில் விளைந்த அபினி கடல் கடந்து போய் அந்நிய தேசத்து நோயாளிகளின் வலியைத் தணித்தது. நம் சந்து வீட்டு நோயாளிக்கு மட்டும் எட்டவில்லை! காரணம், 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம். திருடனுக்கு வைத்த பூட்டு வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்திற்று. பல இடங்களில், ஓர் இலாகாவின் அனுமதி கிடைப்பதற்குள் மற்றோர் இலாகாவின் அனுமதி காலாவதியாகிவிடும். ஆஸ்பத்திரிகள் மார்பினைக் கைவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். இன்று மார்பின் இல்லையென்று கைவிரிக்கும் இல்லத்துக்குச் சட்டம் ஒரு சாக்கு ஆகாது.

நிற்க. அத்தையை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை செய்யும் குழு ஒன்றைத் தேடினோம். இம்முறை நாம் தரையைப் பார்க்கவில்லை, இளநீரும் குடிக்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரு டாக்டர் சிநேகிதர் சொல்லிக்கொடுத்த கேள்விகளுடன் போனோம்.

முதற் கேள்வி: "மார்பின் மாத்திரை உங்களிடம் இருக்கிறதா?" இருக்கிறது என்றார்கள். "கூடவே வேறு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டோம். "மலச்சிக்கல் வரும்; ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கொடுப்போம்" என்று பதில் வந்தது. இந்தப் பதில் தயங்காமல் வந்தால், தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பலாமாம்.

இரண்டாவது: "வலியை எப்படி அளப்பீர்கள்?" சைபரிலிருந்து பத்து வரை ஓர் எண்ணை நோயாளியையே சொல்லச் சொல்லி, நோட்டில் குறித்து, மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் கேட்போம் என்றார்கள். அந்த நோட்டையும் காட்டினார்கள். எழுதாத இடத்தில் மறதி குடியிருக்கும்.

மூன்றாவது: டாக்டரும் தாதியும் இந்த வைத்தியத்தில் தனியாகப் பயிற்சி பெற்றவர்களா? சாதாரண வைத்தியப் படிப்பில் வெகு காலம் இதற்கு இடமே இருந்ததில்லை. 1994-ல் ஏற்பட்ட இந்திய நோய் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் இதற்கென்று பயிற்சி நடத்தி வருகிறது.

நான்காவது கேள்விதான் பிரதானம்: "இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் வருவார்?" பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா இல்லங்களும் நல்ல இல்லங்களே. ஒரு டெலிபோன் எண்ணைத் தந்து, "முதலில் பேசுவோம், அவசியமானால் வருவோம்" என்றார்கள். நாம் சந்தேகப் பிராணி. அன்றிரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தோம். மூன்றாவது மணியிலேயே ஒரு குரல் பேசிற்று. மன்னிப்புக் கேட்டதும், "பரவாயில்லை; பலர் இப்படிச் சோதிப்பதுண்டு" என்றது அக்குரல்.

கேள்வி கேட்காமலே கண்ணால் அறியவேண்டியது ஒன்றுண்டு. இல்லமானால், அங்கே படுத்திருக்கும் நோயாளியின் வாயைப் பாருங்கள். இயலுமானால், அவர் இசைவுடன், முதுகைப் பற்றி விசாரியுங்கள். உதடு வெடித்து நாக்கு வறண்டிருந்தால், தண்ணீர் தொட்டு வைக்க ஆளில்லை என்று அர்த்தம். முதுகில் படுக்கைப் புண் கண்டு அதைக் கவனிப்பாரில்லையென்றால், வேளா வேளைக்குப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்று அர்த்தம். மீனுக்குச் செவுள் எப்படியோ, இந்த இல்லங்களுக்கு நோயாளியின் வாயும் முதுகும் அப்படி.

மறுநாள் தாதி வந்தாள். அவள் நம் பக்கம் திரும்பவே இல்லை, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை, அம்மா?" என்று கேட்டாள். அத்தை, "எட்டு" என்றாள். நாலு மணிக்கு ஒரு தரம் மாத்திரை, நேரம் தவறாமல். மூன்றாம் நாள் "இரண்டு" என்றாள் அத்தை. அன்று மாலை இரண்டு கரண்டி காபி கேட்டாள். வாயில் விட்டதும் டிகாக்ஷன் நீர்த்திருக்கிறதென்று குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்க வீடே கூடி நின்றது.

இங்கே நாம் செய்த இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வியாதி இன்னதென்று அத்தைக்குச் சொல்லவேண்டாம் என்று தாதியைத் தனியே அழைத்து வேண்டிக்கொண்டிருந்தோம். அவள் மறுக்கவுமில்லை, வாக்குக் கொடுக்கவுமில்லை. "அவர்கள் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் திணிக்கவும் மாட்டேன்" என்றாள். ஒரு நாள் அத்தையிடம், "உங்களுக்கு என்னவென்று தோன்றுகிறது, அம்மா?" என்று மெல்லக் கேட்டாள். அத்தை வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு அன்றைக்கே தெரியுமே. இவர்கள் தாங்க மாட்டார்கள் என்றுதான் சொல்லாமல் வைத்திருக்கிறேன்" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற நாம் தலைகுனிந்தோம். அதற்குப் பிறகு வீட்டில் ஒளிவு மறைவு போயிற்று. அத்தை பால்காரன் பாக்கியைத் தீர்த்தாள். வெண்கலப் பானை யாருக்கு என்று தீர்மானித்தாள். நம்முடன் பேசாதிருந்த ஒரு தாயாதியை வரவழைத்துச் சாப்பிட வைத்தாள்.

இருபத்துமூன்று நாள் இருந்தாள். கடைசிக்கு முந்திய இரவு மூச்சுத் திணறிற்று. மணி இரண்டேகால். டெலிபோன் செய்தோம், இம்முறை சோதனைக்கு அல்ல. தாதி சொன்னபடி தலையை உயர்த்தி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மருந்து கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் அவளே வந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில், முதல் ரயில் போன சத்தம் அடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம், அத்தை சிரமமில்லாமல் அடங்கினாள். பத்தாம் நாள் தாதி மறுபடியும் வந்தாள். "உங்கள் தூக்கம் எப்படியிருக்கிறது?" என்று கேட்பதற்காகவாம். நோயாளி போன பிறகும் குடும்பத்தை மறவாதிருப்பது இந்தத் தொழிலின் இலக்கணங்களில் ஒன்று.

நம் தேசத்தின் நிலைமை முழுவதும் இப்படியிருக்கிறதென்று பெருமைப்பட இடமில்லை. மரணத் தறுவாயிலிருப்போரைப் பராமரிக்கும் தரத்தை வைத்து, லண்டன் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைச் சேர்ந்த ஆராய்ச்சிப் பிரிவு 2010-ல் 40 தேசங்களை வரிசைப்படுத்திற்று. பிரிட்டன் முதலாவது, நாம் கடைசி. 2015-ல் 80 தேசங்களில் நமக்கு 67-ஆவது இடம். ஆனால் அந்த 2010-ஆம் வருஷத்து அறிக்கையே கேரளத்தை மெச்சிக்கொண்டது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய சங்கம், அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி வீடு வீடாக அனுப்பியது. 2008-ல் அந்த மாநில சர்க்கார் இதற்கென்று கொள்கையே வகுத்தது. சென்னையிலும் ஜீவோதயா, டீன் பவுண்டேஷன் போன்ற தர்ம ஸ்தாபனங்கள் 1990-களில் தோன்றின. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் சேர்ந்திருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது, கேட்கிறவர்கள்தான் வேண்டும்.

"செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று நம்மிடம் சொன்ன பெரிய டாக்டரை நினைத்துக்கொள்கிறோம். அவர் தெரிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அந்தச் சந்து வீட்டில், நாலு மணிக்கு ஒரு தரம் செய்வதற்கு வேலை இருந்தது.